இம்மி பிசகாத அடுக்களை

உள்ளே வாருங்கள் தம்பி. கொத்தனார் வேலாயுதம் நேற்றே போனில் சொல்லிவிட்டார், பெருமாள்புரத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அடுக்களையைப் பார்க்க வருவார்கள் என்று. "உங்க வீட்டைத்தான் காட்டச் சொல்லியிருக்கேன் அண்ணாச்சி, வேற வீடு எதுக்கு?" என்றார். சரிதானே. பெருமைக்குச் சொல்லவில்லை. பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீட்டம்மா எங்கே? பின்பக்கம் போய்விட்டார்களா? மீன்குழம்பு வாசம் இழுத்திருக்கும். போகட்டும், என் வீட்டுக்காரி அங்கேதான் இருக்கிறாள். எனக்கும் பெண்களிடம் நேருக்கு நேர் பேசக் கூச்சம். உங்களிடம் சொன்னால் நீங்கள் அவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

இதுதான் அடுக்களை. கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் நகத்தை விட்டுப் பாருங்கள். நுழையுமா? நுழையாது. இந்தாருங்கள் கோலிக்குண்டு. மேடையின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். நின்ற இடத்திலேயே நிற்கிறதா? இப்போது தொட்டிப் பக்கம் வையுங்கள். பார்த்தீர்களா, தானாகவே உருண்டு தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அங்கே வாட்டம் வேண்டும், இங்கே வாட்டம் கூடாது. ரசமட்டம் வைத்து எல்லாரும்தான் வேலை செய்கிறார்கள். கோலிக்குண்டு வைத்துப் பார்த்து வேலை வாங்கியவன் நான் ஒருவன்தான்.

என்ன, அடுப்பையே பார்க்கிறீர்கள்? பால் பொங்கின கறைகூட இல்லையே என்றா?

சரி. கண்ணில் பட்டுவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? இந்த அடுப்பில் யாரும் சமைப்பதில்லை. நீங்கள் கேட்டில் நுழையும்போதே வாசம் வந்ததே, அந்த மீன்குழம்பு பின்பக்கம் கொதிக்கிறது. துணி துவைக்கிற கல்மேல் பழைய அடுப்பை வைத்து, மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டி, என் வீட்டுக்காரி குணசீலி அங்கே சமைக்கிறாள். கல்லில் குழி வெட்டி அடுப்பைப் பதித்து, மேலே சிம்னி வைத்து, இப்படி ஒரு அடுக்களையைக் கட்டிக் கொடுத்த பிறகு.

இதில் வேலாயுதத்தின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாருங்கள், இப்படி அடுக்களைக்கு வெளியே நாற்காலியில் உட்காருங்கள், முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன். ஸ்டோரில் வேலை. நட்டு, போல்ட்டு, வாஷர் என்று எண்ணி எண்ணிக் கொடுத்து எண்ணி எண்ணி வாங்கி வைத்தவன். ஒரு வாஷர் குறைந்தாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆளை எடை போடுவதும் எனக்கு அப்படித்தான். குணசீலி என்னிடம் இதுவரை எதுவும் வேண்டும் என்று கேட்டவளில்லை. போன மழையில் அடுக்களைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கொதிக்கிற பருப்புக்குள் விழுந்தது. கடப்பாக்கல்லும் நடுவில் விண்டுபோயிருந்தது. "இந்த மேடையக் கொஞ்சம் சரி பண்ணணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கேளாதவள் கேட்டுவிட்டாளே, சரியாகச் செய்துகொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் ஆள் தேர்ந்தெடுக்க அத்தனை பாடுபட்டேன்.

முதலில் வந்தவன் பாண்டித்துரை. எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாம்" என்பான். கூரையை ஒழுகாமல் பண்ண முடியுமா? "செஞ்சிரலாம் அண்ணாச்சி." புகை வெளியே போகணுமே? "செஞ்சிரலாம்." எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தச் சுவர் இருக்கிறதே, அதற்கு மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையறை. "இதில் ஒரு சன்னல் வைக்கணும்" என்றேன். கொஞ்சமாவது யோசித்தானா? "செஞ்சிரலாம் அண்ணாச்சி, ரெண்டு கதவு சன்னலாவே போட்டிருவோம்" என்றான். அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்தவன் செய்யது. மேலப்பாளையம். இவனைப் பற்றித்தான் நான் உங்களை எச்சரிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவன் பதினொன்றுக்கு வந்தான். வந்ததும் ஒரு மன்னிப்பு உண்டா? "ரோட்டுல ஒரு கல்யாண ஊர்வலம் அண்ணாச்சி, நானும் கொஞ்ச தூரம் கூடவே போயிட்டேன்" என்று சிரிக்கிறான். டேப்பு கொண்டுவரவில்லை. சாண் போட்டு அளக்கிறான், தம்பி. சாண்! உட்கார்ந்த நேரத்தில் அவன் போன் ஏழு தடவை அடித்தது. நான் எண்ணினேன்.

பிறகு என்ன செய்தான் தெரியுமா? நேரே அடுக்களைக்குள் போய்விட்டான். அங்கே குணசீலி உலை வைத்திருக்கிறாள். நான் இங்கே இதே நாற்காலியில் இருக்கிறேன். "நீங்க பாட்டுக்குச் சோறு வடிங்க அம்மா, நான் இப்படி ஓரமா நிக்கேன்" என்கிறான். குழம்பு கூட்டுவது, தாளிப்பது, வடிப்பது எல்லாவற்றையும் நின்று பார்க்கிறான். கொத்தனாருக்கு அங்கே என்ன வேலை? நடுவில் ஏதோ சொன்னான், இவள் சிரித்தாள். எனக்கு அதிசயமாக இருந்தது. இவள் அந்நிய ஆள் முன்னால் சிரிப்பவளில்லை. என் முன்னாலும் அதிகம் சிரிப்பதில்லை, அது வேறு.

வெளியே வந்து, கரித்துண்டை எடுத்துத் தரையிலேயே படம் போட்டான். அடுப்பைக் கொண்டுபோய் வலது கோடியில் சுவரை ஒட்டி வைத்திருக்கிறான். இடதுபக்கம் முழுக்கக் காலி. கரண்டி, உப்பு, மிளகாய்ப்பொடி எல்லாம் இடதுபக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னவே, கண்ணாடியில பாத்து வரைஞ்ச மாதிரில்லா இருக்கு. கிண்டுத கை சுவத்துல இடிக்காதா?" என்றேன்.

அவன் பின்னாலேயே வந்து நின்ற குணசீலியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அன்றைக்கு நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அவளுக்கும் படம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

"அம்மாவுக்கு இதுதான் வசதி அண்ணாச்சி" என்றான்.

"அவ வசதி எனக்குத் தெரியாதா? நீ ஒரு நேரச் சோறு வடிக்கதைப் பாத்துட்டு எனக்குச் சொல்லுதியா?"

"சரி அண்ணாச்சி, நீங்க சொன்னா சரிதான்" என்று கரிக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, குணசீலி கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனான். போகும்போதும் போன் அடித்தது. எட்டு.

அதற்குப் பிறகுதான் வேலாயுதம். ஒன்பது என்றால் ஒன்பது. வாசலில் காலைத் துடைத்துவிட்டு ஏறினார். பையில் டேப்பு, பென்சில், ரசமட்டம், நூல்குண்டு. அடுக்களைக்குள் போவதற்கு முன்னால் "உள்ள ஆள் இருக்காங்களா அண்ணாச்சி?" என்று கேட்டு, குணசீலி வெளியே வந்த பிறகுதான் நுழைந்தார். மரியாதை தெரிந்த ஆள். தான் வேலை செய்த வீடுகளுக்கு என்னை அழைத்துப் போனார், உங்களை இங்கே அனுப்பியது மாதிரி. அங்கேயெல்லாம் வீட்டுப் பெண்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. யாரோ ஒரு அம்மா, அவர்கள் அடுக்களை, நான் என்னத்தைக் கேட்பது? கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் நின்றது. முடிவு செய்துவிட்டேன்.

படத்தை நானே போட்டேன். குணசீலி ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போன நேரமாகப் பார்த்து, அடுக்களைக்குள் போய் நின்றேன். அவள் உயரம் என் தோள் வரைக்கும். அதற்குத் தகுந்த மாதிரி முழங்காலை மடக்கி நின்றேன். கேட்பாரில்லை, பார்ப்பாரில்லை. ஒரு கரண்டியை எடுத்து வெறும் சட்டியில் கிண்டிப் பார்த்தேன். உப்புக்குக் கை எங்கே போகிறது, தண்ணீருக்கு எங்கே போகிறது, எண்ணெய்க்கு எங்கே போகிறது, ஒவ்வொன்றாக இந்த வலது கையை நீட்டி நீட்டி அளந்தேன். அடுப்பு இடது கோடியில். கரண்டி, உப்பு, பொடி எல்லாம் வலது கைக்கு. தண்ணீர்த் தொட்டி தள்ளி, தெறிக்காமல். எந்தப் புருஷன் தன் பெண்டாட்டிக்காக இப்படி நின்று பார்த்திருப்பான், சொல்லுங்கள்.

வேலாயுதம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நம்பகமான ஆள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். சொன்ன நாளில் தொடங்கி, சொன்ன நாளில் முடித்தார். பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணினார். குணசீலி புது அடுப்பில் பால் காய்ச்சி எல்லாருக்கும் கொடுத்தாள். கொடுக்கும்போது எல்லாருக்கும் வலது கையால்தான் கொடுத்தாள், தம்பி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே புளிக்குழம்பு கையில் கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வழன்றுவிட்டது. "பாத்துச் செய்யக் கூடாதா?" என்றேன். ஆறுகிறதற்குள் மறுபடி எண்ணெய். "புது அடுப்பு, கை பழகணும்" என்றேன். ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், பரணில் கிடந்த பழைய அடுப்பு பின்பக்கம் துவைகல்மேல் உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டரும் அங்கே.

"என்ன இது?"

"இங்க காத்து வருது."

காற்றுதானே, சரி என்று உள்ளே ஒரு காற்றாடி வாங்கிப் பொருத்தினேன். அவள் வரவில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று இன்னொரு பல்பு போட்டேன். வரவில்லை. வேலாயுதத்தைக் கூப்பிட்டேன். பாவம், மூன்று தடவை வந்தார். ரசமட்டம் வைத்தார், நூல்குண்டு விட்டார், சிம்னியைக் கழற்றி மாட்டினார். "எந்தக் குறையும் இல்லையே அண்ணாச்சி" என்றார். எனக்கும் தெரியும், எந்தக் குறையும் இல்லை. அதுதான் என்னைப் போட்டு அரித்தது. குறை இருந்தால் திருத்தலாம். குறையே இல்லாததை எப்படித் திருத்துவது? பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உள்ள இருக்கது மியூசியமா?" என்று கேட்கிறார்.

போன ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு, பிடித்துக்கொண்டது பாருங்கள் ஐப்பசி மழை. தார்ப்பாய் தொங்கித் தண்ணீர் ஒருபக்கமாக ஊற்றுகிறது. அவள் ஒரு குடையைத் தோளில் சாத்திக்கொண்டு பாகற்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. பின்வாசலில் போய் நின்றேன்.

"குணசீலி, உள்ள வந்து செய். அந்த மேடையில என்ன குறை? ஒரு குறை சொல்லு, ஒண்ணே ஒண்ணு."

அவள் நிமிரவில்லை. அப்போதுதான் கவனித்தேன். கத்தி இடது கையில் இருக்கிறது.

"கை வலிக்கா?" என்றேன்.

"எந்தக் கை?"

"வலது கை. நொட்டாங்கையால நறுக்குதியே."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இதுதான் கை" என்றாள்.

"என்னது?"

"சின்னப் பிள்ளையிலருந்து இதுதான் கை. வேல செய்யுத கை. சாப்பிடதும் குடுக்கதும்தான் அது."

பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காப்பித்தட்டை வலது கையால்தான் நீட்டினாள். நானே பார்த்தேன். எனக்குச் சோறு பரிமாறுவதும் அந்தக் கைதான். ஆலயத்தில் திருவிருந்துக்குக் கை நீட்டும்போதும் வலது கைதான் மேலே. பிறகு எனக்கு எப்படித் தெரியும்?

"எங்கம்மா நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா" என்றாள். "மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா நொட்டாங்கைக்காரி வேண்டாம்னு போயிருவாங்க, அதனால வெளிய எல்லாத்துக்கும் அந்தக் கை, அடுக்களைக்குள்ள மட்டும் உன் கை. அங்க யாரு வந்து பாக்கப் போறான்னு சொன்னா." பாகற்காயைத் தண்ணீரில் போட்டாள். "சரியாத்தான் சொல்லியிருக்கா."

நீங்களே நியாயம் சொல்லுங்கள் தம்பி. சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? கலியாணமாகி இத்தனை வருஷம். பேரப்பிள்ளை எடுத்தாயிற்று. ஒரு வார்த்தை! பெண்கள் வேலை செய்கிற இடத்தில் போய் எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் அப்பாவுக்கும் இல்லை. அது ஒரு குற்றமா? அதில்கூட எனக்கு வருத்தமில்லை. அந்த செய்யது, டேப்புகூட இல்லாமல் வந்தவன், ஒரு உலை கொதித்து அடங்குவதற்குள் கண்டுபிடித்துவிட்டுப் போயிருக்கிறான். "அண்ணாச்சிட்டச் சொல்லிராத தம்பி" என்று இவள் கேட்டுக்கொண்டாளாம். அவனும் சொல்லவில்லை. வீட்டில் எனக்குத் தெரியாதது கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இருந்தும் நான் கோபத்தைக் காட்டவில்லை. "சரி, கொஞ்சம் தள்ளி நின்னு கிண்டு. பழகிரும்" என்றேன்.

அடுப்புதான் பதித்த அடுப்பாயிற்றே. எங்கே நகர்த்துவது? சுவரை நகர்த்த முடியுமா?

அவள் முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். இரண்டு தழும்பும் இடது கையில்தான் இருந்தன. நான் மருந்து வாங்கிக் கொடுத்தவன், தம்பி. எந்தக் கை என்று பார்க்கவில்லை.

"அந்தக் கல்ல வெட்டி அடுப்ப அந்தக் கோடிக்கு மாத்தினா நான் உள்ள வாரேன்" என்றாள். "இல்லன்னா எனக்கு இந்த இடமே போதும். மழைக்கும் இங்கதான், வெயிலுக்கும் இங்கதான். இதுக்கு மேல அதப் பத்திப் பேச வேண்டாம்."

சொன்னதைச் செய்கிறவள். அன்றைக்கு மழையோடு மழையாகச் சமைத்து, நனைந்து, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்ததும் மறுபடி அங்கேயே போய்விட்டாள். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க. இந்தக் குளிரில் இன்னொரு காய்ச்சல் வந்தால் அவள் உடம்பு தாங்காது. அது எனக்குத் தெரியாதா?

ஆனால் இந்தக் கல்லைப் பாருங்கள். ஒரே கல். ஒட்டே இல்லாமல் போட்டது. இதில் எப்படிச் சுத்தியலை வைக்க மனசு வரும்? அதனால்தான் நீங்கள் வருகிறீர்கள் என்று வேலாயுதம் சொன்னதும் சந்தோஷப்பட்டேன். உங்கள் வீட்டம்மா பார்த்துவிட்டு "எவ்வளவு வசதியா இருக்கு அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால், பெண்ணுக்குப் பெண் சொன்னால், கேட்பாளோ என்று ஒரு ஆசை. அவர்களைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

யார் அது, வாசலில் ஸ்கூட்டர்?

செய்யதா! நீ எதுக்குவே இங்க வந்தே? யாரு வரச் சொன்னா?

பார்த்தீர்களா தம்பி. இவள் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போன் நம்பரை எங்கே வைத்திருந்தாளோ. ஒன்பது மணிக்கு வரச் சொன்னாளாம். இப்போது மணி என்ன? பதினொன்று தாண்டிவிட்டது. இன்றைக்கு என்ன ஊர்வலமோ, கேளுங்கள். பையில் சுத்தியல், உளி, கல் வெட்டுகிற மிஷின் எல்லாம் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறான். டேப்பு? அதுதானே. டேப்பு இல்லை.

"அண்ணாச்சி சொன்னாத்தான் கை வைப்பேன்" என்கிறான். "அம்மா கூப்பிட்டாங்க, வந்துட்டேன், ஆனா வீடு உங்க வீடு" என்கிறான். எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறான் பாருங்கள்.

அதோ அவளும் வந்துவிட்டாள். உங்கள் வீட்டம்மாவும் கூட. வாருங்கள் அம்மா. நீங்கள்... தம்பி, நீங்களே கேளுங்கள், அடுக்களை எப்படி இருக்கிறது என்று. என்ன சொல்கிறார்கள்? நன்றாக இருக்கிறதாமா? வசதியாக இருக்கிறதாமா? கேட்டியா குணசீலி?

வாசற்படியில் நிற்கிறாள், உள்ளே காலை வைக்க மாட்டேன் என்கிறாள். இருமுகிறாள். இருமினால் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று.

பொறுவே செய்யது. உன்னை யாரும் இன்னும் உடைக்கச் சொல்லல.

குணசீலி, இங்க வா. ஒரு நிமிஷம் வந்து நில்லு. சமைக்க வேண்டாம், சும்மா நில்லு. இவங்க இருக்கட்டும், பரவாயில்ல. அந்தக் கரண்டிய எடு. அந்தக் கையில இல்ல. உன் கையில எடு. எல்லாரும் பாக்கட்டும், இப்ப என்ன? என்ன போயிரும்? எடு. சட்டி இருக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கிண்டு.

ம்.

இன்னொரு தடவ கிண்டு.

கேட்டதா தம்பி? முழங்கை சுவரில் இடித்த சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடி.

போதும். கரண்டிய வச்சிரு. கையத் தேய்ச்சுக்கோ. இந்த நாற்காலியில வந்து உக்காரு, தூசி கிளம்பும், முந்தானையால மூக்க மூடிக்கோ. வே செய்யது, என்ன பாத்துக்கிட்டு நிக்கே? அடுப்பக் கழத்து. கல்ல நீ சாண் போட்டு வெட்டினா நான் விட மாட்டேன், அலமாரியில டேப்பு இருக்கு, எடுத்துத் தாரேன். எங்க வைக்கணும்னு அவகிட்டக் கேளு. என்னைக் கேக்காத.

வாருங்கள் தம்பி, நாம் வெளியே நிற்போம். உள்ளே மிஷின் போட்டால் காது கேட்காது. நீங்கள் வந்த காரியத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. தயங்காமல் வேலாயுதத்திடமே கொடுங்கள். இந்த மாதிரி ஆட்களிடம் போகாதீர்கள், சொன்ன நேரத்துக்கு வர மாட்டான்.

என்ன? சத்தத்தில் கேட்கவில்லையா?

வேலாயுதம் நம்பகமான ஆள் என்றேன். இதில் அவர் மேல் ஒரு பிழையும் சொல்ல முடியாது. நான் போட்டுக் கொடுத்ததை இம்மி பிசகாமல் அப்படியே செய்தார்.